தஹ்மீனா திறந்து கொடுத்த போன்

அதிராம்பட்டினத்தில் பெண்கள் போனைப் பழுது பார்க்கக் கொடுப்பதற்கு முன்னால் அதைத் துடைத்து எடுத்துத்தான் கொடுப்பார்கள். படங்களை அழிப்பார்கள். வாட்ஸப்பை நீக்குவார்கள். சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். அப்படியும் மனம் ஒப்பாமல், கீறல் விழுந்த கண்ணாடியோடு ஆறு மாதம் ஓட்டுகிறவர்களும் இருந்தார்கள். கடையில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் கெட்டவர்கள் என்பதில்லை. போன் யார் கைக்குப் போகிறது, அவர் அதில் எதைத் திறந்து பார்க்கிறார் என்பது தெரியாது, அவ்வளவுதான்.

தஹ்மீனா கடை போட்ட பிறகு அந்தக் கவலை சில தெருக்களில் குறைந்தது. கடை என்றால் தனிக் கட்டடம் இல்லை. அந்த ஊர் வழக்கப்படி கல்யாணத்தின்போது வீட்டைப் பெண்ணுக்கு எழுதி வைப்பார்கள். அப்படி அவளுக்கு வந்த வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மேஜை, ஒரு மைக்ரோஸ்கோப், சூடான காற்றை ஊதும் சால்டரிங் மிஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர். வாசலில் 'பெண்கள் மொபைல் சர்வீஸ்' என்று சின்னதாக ஒரு போர்டு.

தொழிலை அவள் தஞ்சாவூரில் கற்றாள். பி.சி.ஏ. முடித்துவிட்டு அங்கே ஒரு சர்வீஸ் சென்டரில் டோக்கன் எழுதிக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் சென்னைக்குப் போய்விட்டார். அந்த நாற்காலியை எனக்குக் கொடுங்கள் என்று முதலாளியிடம் அவளே போய்க் கேட்டாள். மூன்று வருடம் அந்த நாற்காலியில் இருந்தாள். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் தினமும் பஸ்ஸில் போய் வருவது முடியாமல் போனது. அவள் கணவன் சித்தீக் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். வீட்டிலேயே செய்யேன் என்று சொன்னது அவன்தான்.

அவள் ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டிருந்தாள். வந்த பெண்ணை எதிரே உட்காரவைத்து, அவள் பார்க்கப் பார்க்கவே போனைத் திறப்பாள். இதைக் கழற்றுகிறேன், இதை மாற்றுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வாள். ஒரு வருடத்திற்குள் முத்துப்பேட்டையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். மருமகளும் மாமியாரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல் வந்ததும் உண்டு. யார் போனில் எதைப் பார்த்தாலும் தஹ்மீனா வெளியே சொல்ல மாட்டாள் என்ற பெயர் ஊரில் நிலைத்துவிட்டது. அவளுக்கு அந்தப் பெயரில் ஒரு கர்வம் இருந்தது.

போன வருடம் மே மாதக் கடைசியில் ஆஸிம் வந்தான். சித்தீக்கோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். ஒன்றரை மாத லீவில் வந்தவன், இன்னும் பத்து நாளில் திரும்பிப் போக வேண்டும். கையில் பெட்டி பிரிக்காத ஒரு புதுப் போன். சித்தீக்கும் கூடவே வந்து நின்றான்.

மூத்த மகள் ஹலீமா பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறாள், பட்டுக்கோட்டைக்கு பஸ்ஸில் போய் வரணும், அவளுக்காக வாங்கியது என்றான் ஆஸிம். பிள்ளை எங்கே இருக்கிறாள், யாரோடு பேசுகிறாள் என்பது தனக்கு அங்கே இருந்தபடியே தெரிய வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரணக் கண்காணிப்பு ஆப்பை எல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள். எடுக்க முடியாதபடி, இருப்பதே தெரியாதபடி போட வேண்டும். ரூட் செய்தால் முடியும் என்று அங்கே ஒருவன் சொன்னானாம்.

அவன் சொன்னது சரிதான். போனை வாங்கியவருக்கு அதன் மேல்தளம்தான் கொடுக்கப்படுகிறது. அடித்தளத்தில் எதையும் சேர்க்கவோ அழிக்கவோ வாங்கியவருக்கே அனுமதி இல்லை. அந்தப் பூட்டைக் கம்ப்யூட்டர் வழியாகத் திறந்து முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்வதைத்தான் ரூட் செய்வது என்பார்கள். அந்த அதிகாரத்தோடு அடித்தளத்தில் ஒன்றை வைத்துவிட்டால், போனையே மொத்தமாக அழித்துப் புதிதாக்கினாலும் அது போகாது.

தஹ்மீனா அதுவரை இரண்டு முறைதான் அதை முயன்றிருந்தாள். இரண்டும் தன்னுடைய பழைய போன்கள். ஒன்று திறக்கவே திறக்காமல் செங்கல்லாகிப் போனது. இன்னொன்று பாதியில் நின்றது. வீடியோ பார்த்துப் பார்த்து எங்கே தவறியது என்பதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். செய்து பார்க்கத்தான் போன் இல்லை.

பிள்ளைக்குத் தெரியுமா என்று ஆஸிமிடம் கேட்டாள்.

"தெரிஞ்சா அப்புறம் எதுக்குத் தங்கச்சி?" என்று அவன் சிரித்தான். நம்ம ஆஸிம்தானே, பெத்தவன் பிள்ளையைப் பார்த்துக்கிறதுல என்ன இருக்கு என்று சித்தீக்கும் சொன்னான்.

அவள் உட்கார்ந்தாள். போனின் அமைப்புகளுக்குள் போய், மறைந்திருக்கும் ஒரு பக்கத்தை ஏழு முறை தட்டித் திறந்தாள். கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் வரிவரியாகக் கட்டளைகளை அடித்தாள். பூட்டைத் திறந்தால் இந்தப் போனை இனி நம்ப முடியாது என்று போனே எச்சரித்தது. ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தி ஆமாம் என்றாள். போன் அணைந்தது. கம்பெனியின் பெயர் வந்தது. நின்றது. மூவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நிமிடம் கழித்து அது திறந்தபோது தஹ்மீனா இரண்டு கைகளையும் சேர்த்துத் தட்டிவிட்டாள். அப்படி ஒரு சந்தோஷம். பிறகு ஆஸிம் காட்டிய ஆப்பை எடுத்து, அதன் படம் திரையில் தெரியாதபடி செய்து, அடித்தளத்தில் கொண்டுபோய் வைத்தாள். கடவுச்சொல்லை அவன் தன் போனில் அடித்துக்கொண்டான்.

போகும்போது ஆஸிம் இன்னொன்று கேட்டான். திரையின் மேலிருந்த பிளாஸ்டிக் தாளையும் பெட்டியின் முத்திரையையும் பிரிக்காத மாதிரி ஒட்டித் தர முடியுமா. அவள் சூடான காற்று ஊதி, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டிக் கொடுத்தாள். பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கிற போனைப் பிரிக்காதது போல ஏன் ஒட்ட வேண்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியது, ஆனால் நிற்கவில்லை என்பதுதான் சரி என்று பின்னால் அவளே சொன்னாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பட்டுக்கோட்டைச் சாலையில் இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்து வயல்கள் தண்ணீராய்க் கிடந்தன. வேன் ஓடாத ஒரு மழைநாளில், காலை பதினோரு மணிவாக்கில் சஃபியா வந்தாள். ஆஸிமின் மனைவி. குழந்தைகளுக்கு உடுப்புத் தைத்து வாட்ஸப்பில் விற்கிறவள். பெருநாள் சமயத்தில் அவள் வீட்டு வாசலில் பார்சல்காரன் தினமும் நிற்பான். தஹ்மீனாவுக்கு அவளை விசேஷ வீடுகளில் பார்த்த பழக்கம்தான்; மரியாதைக்கு ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவாள். இப்போது வந்தவள் பாதியாக இளைத்திருந்தாள்.

போன மாதம் அப்டேட் ஆனதிலிருந்து வங்கி ஆப் திறக்க மாட்டேன் என்கிறது, பணம் அனுப்புகிறவர்களுக்கு நம்பர் கொடுக்க முடியவில்லை, போன் சும்மா வைத்திருந்தாலே கொதிக்கிறது என்றாள். ஆப்பைத் திறந்தால் இந்தக் கருவி பாதுகாப்பானது இல்லை என்று வருகிறது. பட்டுக்கோட்டையில் ஒரு கடையில் கொடுத்து மொத்தமாக அழித்து வாங்கினாள். அப்படியும் அதே கதை.

போனை மேஜையில் வைத்தாள். தஹ்மீனா வழக்கம்போல அதை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். கம்பெனியின் பெயர் வருவதற்கு முன்னால், நம்ப முடியாத போன் என்ற அந்த ஆங்கில எச்சரிக்கை ஐந்து விநாடி நின்றுவிட்டுப் போனது.

"இது யாருடைய போன்?" என்று கேட்டாள் தஹ்மீனா.

"என்னோடதுதான் ராத்தா. மே மாசம் வந்தப்ப அவங்க வாங்கிக் கொடுத்தாங்க. பெட்டிகூட நான்தான் பிரிச்சேன்."

தஹ்மீனா போனைத் திரும்ப மேஜையில் வைத்தாள். அதற்கப்புறம் சஃபியாதான் பேசினாள். கேட்கிறவர் இருக்கிறார் என்றதும் நிறுத்த முடியாதவள் போலப் பேசினாள். நான்கு மாதமாக அவளுக்கு என்னவோ நடக்கிறது. அவள் எங்கே போனாலும் ஷார்ஜாவில் இருக்கிற அவருக்குத் தெரிகிறது. காலையில் கடைத்தெருவுக்குப் போனால் மத்தியானம் போன் செய்து ஏன் போனாய் என்கிறார். துணிக்கடைக்காரரிடம் அளவு பற்றி ஐந்து நிமிடம் பேசியதை அப்படியே திருப்பிச் சொல்கிறார். தெருவில் யாரோ ஒற்றுச் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். அடுத்த வீட்டு ஹாஃபிஸா மேல் சந்தேகம் வந்தது. சின்ன வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அவளிடம் மட்டும் சொன்ன ஒரு விஷயம் இரண்டாம் நாள் அவர் வாயில் வந்தது. சஃபியா ஹாஃபிஸா வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி கேட்டுவிட்டு வந்தாள். அன்றோடு பேச்சு நின்றது. இடையில் இருந்த கொல்லைக் கதவையும் ஆணி அடித்து மூடிவிட்டாள்.

அதற்குப் பிறகும் அவருக்கு எல்லாம் தெரிந்தது. யாரும் இல்லாத வீட்டில், தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து அவள் வாய்க்குள் முணுமுணுத்ததுகூடத் தெரிந்தது. ஓதிய தண்ணீர் குடித்துப் பார்த்தாள். தஞ்சாவூரில் ஒரு டாக்டரைப் பார்த்தார்கள். அவர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"எனக்குப் புத்தி பிசகிடுச்சோன்னு பயமா இருக்கு ராத்தா. தொழுவுறப்பகூட யாரோ பின்னாடி நிக்கிற மாதிரியே இருக்கு," என்றாள் சஃபியா.

அப்போதுதான் தஹ்மீனாவுக்கு உறைத்தது. மேஜையில் கிடக்கிற அந்தப் போன் இதையும் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவள் பொத்தானை அழுத்தி அதை அணைத்தாள். இதைப் பார்க்க நேரம் ஆகும், நாளைக்கு வாருங்கள் என்றாள். சஃபியா மழையில் துப்பட்டியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு போனாள். தஹ்மீனா எழுந்து கதவைச் சாத்தினாள். அந்த நேரத்தில் அவள் நினைத்தது ஒன்றுதான்: சத்தம் இல்லாமல் சுத்தம் செய்துவிட்டு, வைரஸ் என்று சொல்லிக் கொடுத்துவிடலாம்.

மத்தியானம் சாப்பாட்டின்போது சித்தீக்கிடம் சொன்னாள். அவன் கை சோற்றிலேயே நின்றது. ஆஸிம் தன்னையும் சேர்த்து ஏமாற்றிவிட்டான் என்றான். கொஞ்ச நேரம் கழித்து, நீ நினைத்தபடியே செய்துவிடு, வெளியே தெரிந்தால் எந்தப் பெண் உன்னிடம் போனைக் கொடுப்பாள் என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்த முன்னறையில்தான் நடந்துகொண்டிருந்தது.

மூன்று மணிக்கு ஆஸிம் கூப்பிட்டான். சலாம் சொன்னான், பிள்ளைகளை விசாரித்தான். பிறகு, சஃபியா போன் காலையிலிருந்து அணைந்து கிடக்கிறது, கடைசியாக உங்கள் வீட்டில் காட்டியது என்றான். ஒன்றும் செய்யாமல் அப்படியே கொடுத்துவிடச் சொன்னான். வங்கி ஆப் வேலை செய்யாது, புதுப் போன் வாங்கணும் என்று அவளிடம் சொல்லிவிட்டால் போதும். அடுத்ததை அவன் அனுப்புவான்.

"காக்கா, பிள்ளைக்குன்னுதானே சொன்னீங்க?" என்று அண்ணன் முறை வைத்தே கேட்டாள் தஹ்மீனா.

அவன், பதினோரு வருடமாக ஒரே ரூமில் ஆறு பேரோடு படுத்திருக்கிறேன், என் வீட்டில் என்ன நடக்கிறது என்று நான் தெரிந்துகொள்ளக் கூடாதா என்றான். அவள் அவன்மேல் சற்று இரங்கக்கூடச் செய்தாள். அடுத்து அவன் சொன்னதுதான் அவளுக்கு மறக்கவில்லை.

"போட்டது நீங்கதான் தங்கச்சி. வெளியில வந்தா எனக்கு மட்டுமா பேரு கெடும்? நல்லா யோசிச்சுக்குங்க."

அன்று சாயங்காலம் வரை அவள் எந்த வேலையும் செய்யவில்லை. சார்ஜிங் பின் மாற்ற வந்த ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினாள். தன் பெயர் கெடும் என்ற பயம் நிஜமாகவே இருந்தது. ஆனால் அதைவிட ஒன்று அவளை உறுத்தியது. சுத்தம் செய்து, வைரஸ் என்று சொல்லிக் கொடுத்தால் போன் சரியாகிவிடும். சஃபியா சரியாக மாட்டாள். தனக்குப் புத்தி பிசகியது என்றே நினைத்துக்கொண்டு அந்த மாத்திரையைத் தின்றுகொண்டிருப்பாள். ஹாஃபிஸா ஒற்றுச் சொன்னவளாகவே இருப்பாள்.

மறுநாள் காலையில், சஃபியா வருவதற்கு முன்னால், போனைக் கடையிலேயே அணைத்து வைத்துவிட்டு, தஹ்மீனா அவள் வீட்டுக்குப் போனாள். சஃபியா தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். உட்காரச் சொல்லியும் தஹ்மீனா உட்காரவில்லை. நின்றபடியே முழுவதையும் சொன்னாள். பெட்டி வந்தது, பிள்ளைக்கு என்று அவன் சொன்னது, அவள் நம்பியது, பூட்டைத் திறந்தது, உள்ளே வைத்தது, முத்திரையைத் திரும்ப ஒட்டியது. ஒன்றையும் விடவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை; அதைச் சொன்னால் பதில் எதிர்பார்ப்பது போல ஆகிவிடும் என்று இருந்தது.

சஃபியா அழவில்லை. மிஷினின் சக்கரத்தில் கை வைத்தபடி நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப ஹாஃபிஸா ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல. அது ஒண்ணும் சொல்லல."

"நான் அவளை வாசல்ல நின்னு கேட்டேன் ராத்தா. அவ பிள்ளைங்க எல்லாம் பார்த்துக்கிட்டு நின்னுச்சுங்க." மிஷினில் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். தஹ்மீனா போகலாமா என்று நினைத்தபோது, தலை நிமிராமலே, "அன்னைக்கே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஊர்ல எல்லாரும் உங்களை நம்பித்தானே வர்றாங்க," என்றாள்.

தஹ்மீனா, உள்ளே இருப்பதை இப்போதே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். சஃபியா வேண்டாம் என்றாள். எடுத்துவிட்டால், நான் பைத்தியத்தில் உளறினேன் என்பார்கள். என் வாப்பா முன்னால், என் வீட்டுக்காரரின் அண்ணன் முன்னால் காட்டிவிட்டு அப்புறம் எடுங்கள். நீங்கள் வருவீர்களா என்று கேட்டாள். வருகிறேன் என்றாள் தஹ்மீனா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு சஃபியா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சஃபியாவின் வாப்பா ஜெகபர் அலி, ஆஸிமின் அண்ணன் அப்சர், சித்தீக், தஹ்மீனா. சஃபியா உள் கதவோரம் நின்றாள். ஆஸிமை அப்சர் தன் போனில் பிடித்து, எல்லோரும் கேட்கும்படி நடுவில் வைத்தார். தஹ்மீனா கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

ஆஸிம் மறுக்கவில்லை. பிள்ளைக்காகப் போட்டதுதான், போன் கைமாறிப் போய்விட்டது, எடுக்கச் சொல்ல மறந்துவிட்டேன் என்றான். அப்சர் அதைப் பிடித்துக்கொண்டார். பெண் பிள்ளை வைத்திருக்கிறவன் செய்யாத காரியமா, இதற்குப் போய் வெளியாட்களை உட்காரவைத்துக்கொண்டு என்று ஆரம்பித்தார். ஜெகபர் அலி மருமகனைக் கடிந்து ஒரு வார்த்தை பேசியறியாதவர்.

தஹ்மீனா போனைக் கேபிளில் மாட்டினாள். பூட்டைத் திறந்தபோது எடுத்த முழு அதிகாரம் இன்னும் அப்படியே இருந்தது. அதை வைத்து அந்த ஆப் ஒளித்து வைத்திருந்த கோப்புகளைத் திறந்தாள். பட்டுக்கோட்டையில் அழித்த பிறகு மூன்று வாரத்தில் சேர்ந்தவை மட்டும் அதில் இருந்தன. ஆஸிம் அங்கிருந்தபடி மைக்கைத் திறந்து பதிவு செய்த ஒவ்வொன்றுக்கும் தேதியும் நேரமும் இருந்தது. அவள் வாசித்தாள். திங்கட்கிழமை காலை பத்து இருபது. செவ்வாய் பதினொன்று ஐந்து. புதன் பன்னிரண்டு. அடுத்த திங்கள் பத்து நாற்பது. நிறுத்தாமல் வாசித்தாள்.

"எல்லாம் ஹலீமா ஸ்கூல்ல இருக்கிற நேரம் காக்கா," என்று நடுவில் இருந்த போனைப் பார்த்துச் சொன்னாள்.

வெளியே ஓட்டில் மழை விழுகிற சத்தம் கேட்டது. ஜெகபர் அலி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தன் மகளுக்கு மனநோய் என்று நம்பி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனவர் அவர். போனைப் பார்த்து, "நீ என்கிட்டயே கேட்டியே தம்பி, மாத்திரை ஒழுங்கா போடுறாளான்னு," என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. ஆஸிம் மறுபக்கத்தில் இருக்கிறான் என்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது. பிறகு அதுவும் நின்றது. அவன் துண்டித்துவிட்டிருந்தான்.

தான் செய்ததை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுத் தஹ்மீனா சஃபியாவிடம் கொடுத்தாள். யாரும் அதைக் கேட்கவில்லை. சித்தீக் மட்டும் அவளைப் பார்த்தான், தடுக்கவில்லை. பதிவுகளின் பட்டியலையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். அதன் பிறகு சஃபியாவைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே, கம்பெனியின் அசல் மென்பொருளை அடியிலிருந்து ஏற்றி, திறந்த பூட்டைத் திரும்பப் பூட்டினாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. எச்சரிக்கை இல்லாமல் போன் திறந்தது. வங்கி ஆப்பும் வேலை செய்தது. சஃபியா போனை வாங்கிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஆஸிம் மூன்று வாரம் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, அண்ணன் மூலமாக வருத்தம் தெரிவித்தான். தலாக் வரை போகும் என்று தெருவில் பேசினார்கள். போகவில்லை. சஃபியாவும் கேட்கவில்லை. இந்த வருடம் லீவில் வந்தவன் தன் உம்மா வீட்டில்தான் தங்கினான். சாயங்காலங்களில் வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போனான். சஃபியா அவனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினாள். மாத்திரையை நிறுத்திவிட்டாள். தூக்கம் இன்னும் சரியாக வரவில்லை என்கிறார்கள்.

விஷயம் தெருவுக்குத் தெரிய இரண்டு நாள்கூட ஆகவில்லை. தஹ்மீனாவிடம் உதிரி பாகம் வரக் காத்துக் கிடந்த ஏழு போன்களில் ஐந்தை அந்த வாரமே கேட்டு வாங்கிப் போனார்கள், இரண்டு பிரித்தது பிரித்தபடி. முன்பு அவள் கையால் பழுது பார்த்த போன்களைப் பட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்தார்கள். தப்பைத் தானே வந்து சொன்னவள் என்று பேசியவர்களும் இருந்தார்கள். அவர்களிலும் பாதிப்பேர் போனைக் கொண்டுவரவில்லை. அவள் மறுபடி தஞ்சாவூர் சர்வீஸ் சென்டரில் வேலை கேட்டாள். வாரத்தில் நான்கு நாள் பஸ்ஸில் போய் வருகிறாள். மிச்ச நாட்களில் முன்னறையைத் திறந்து வைக்கிறாள். ஒன்றிரண்டு பேர் வருகிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாஃபிஸா வந்தாள். டிஸ்பிளே போயிருந்தது. தஹ்மீனா மாற்றிக்கொண்டிருக்கும்போது அவளாகவே சஃபியாவைப் பற்றிச் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாளே சஃபியா வந்து கொல்லைக் கதவில் அடித்த ஆணியைத் தன் கையால் பிடுங்கினாளாம். இப்போது பழையபடி வந்து போகிறாள், முழுக்கப் பழையபடி இல்லை. வந்தால் முதலில் தன் போனையும் ஹாஃபிஸாவின் போனையும் எடுத்து அடுப்படியில் அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டு வந்துதான் வாயைத் திறக்கிறாள். பேசுவதும் கிசுகிசு என்றுதான்.

அந்தப் போனில் இப்போது ஒன்றும் இல்லை, சஃபியா கண்ணெதிரே இன்னொரு தடவை திறந்து காட்டுகிறேன், ஒரு தடவை கொண்டுவரச் சொல்லுங்கள் என்றாள் தஹ்மீனா.

ஹாஃபிஸா சற்றுத் தயங்கினாள். "நானும் சொல்லிப் பார்த்தேன் ராத்தா. உங்க கையில கொடுக்க மாட்டேங்குறா."

தஹ்மீனா தலையசைத்தாள். திரையின் ஓரத்தில் பசை போட்டு, கிளிப் மாட்டி, காய்வதற்கு அரை மணி நேரம் ஆகும் என்றாள். ஹாஃபிஸா, இருந்தே வாங்கிக்கொண்டு போகிறேன் என்று சொல்லி, எதிரே இருந்த நாற்காலியில், மேஜையில் கிடந்த தன் போனைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள்.